பித்தப்பை ஆபரேஷன்: மயக்க மருத்துவர்களின் சேவை எப்படி இருந்தது?

ஆஸ்பத்திரிகளைப் பற்றி நெட்டில் வரும் விமர்சனங்களைப் படித்தால் சர்ஜன் கைராசிக்காரர், ரூம் சுத்தம், நர்ஸுகள் அன்பாகப் பேசினார்கள், டிஸ்சார்ஜ் பண்ண நேரமாக்கினார்கள் என்று இவ்வளவுதான் இருக்கும். மயக்கம் கொடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி முறையில் நான் ஆபரேஷன் செய்துகொண்ட இடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது மயக்கவியல் பிரிவுதான், அதனால் இந்த விமர்சனம் முழுக்க அவர்களைப் பற்றியது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதைப் படித்தபின் நீங்கள் போகும் இடத்தை நீங்களே எடைபோட முடியும் என்று நம்புகிறேன்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு 5க்கு 5. தியேட்டருக்குள் 5க்கு 5. கண் விழித்தபிறகு கவனித்ததற்கு 4. மயக்க டாக்டர் எழுதியது வார்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் 2, அதற்கு மேல் தர மனமில்லை.

சர்ஜன் தேதி குறித்த கையோடு, "அனஸ்தீசியா டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அவங்க சரின்னு சொன்னாத்தான் தேதி உறுதி" என்று அனுப்பினார். அதிலேயே ஒரு நம்பிக்கை வந்தது. பல இடங்களில் இது ஈசிஜியையும் ரத்த ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்து கையெழுத்துப் போடும் வேலையாகவே முடிந்துவிடுகிறது. இங்கே அந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். இரண்டு மாடி நிற்காமல் ஏறினால் மூச்சு வாங்குகிறதா, குறட்டை உண்டா, படுத்தால் புளிப்பு நெஞ்சுக்கு ஏறி வருகிறதா, பஸ் பயணத்தில் வாந்தி வருமா, ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கேள்விகள் சம்பந்தமில்லாதவை மாதிரி தெரிந்ததால் நானும் ஏன் ஏன் என்று கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை.

மாடி ஏறும் கேள்வி இதயமும் நுரையீரலும் எவ்வளவு பளு தாங்கும் என்பதற்கு. குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஆளாக இருக்கலாம், அவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலிமருந்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மயக்கத்தில் மூச்சு விடுவதற்காக வாய் வழியாகக் குழாய் வைப்பார்கள், அப்போது ஆடும் பல் விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். குடும்பத்தைப் பற்றிய கேள்விதான் எனக்குப் புதிது. மரபு வழியாக வரும் ஒரு கோளாறு இருக்கிறதாம், அது உள்ளவர்களுக்குச் சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தி மருந்தும் உடம்பில் பட்டால் தசைகள் விறைத்து, காய்ச்சல் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அரிதான விஷயம்தான், டான்ட்ரோலின் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது. ஆனால் முன்பே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தொடாமலேயே மயக்கம் கொடுத்துவிடலாம். சித்தப்பாவுக்கு ஒரு ஆபரேஷனில் என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டில் மங்கலாக ஒரு பேச்சு இருந்தால்கூட அதை விசாரித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார். "நல்லாப் பெரிசாத் திறங்க, நாக்கை நீட்டுங்க. 'ஆ'ன்னு சத்தம் மட்டும் போடாதீங்க." மற்ற டாக்டர்கள் எல்லாம் 'ஆ' சொல்லச் சொல்வார்களே என்றேன். சத்தம் போட்டால் மேலண்ணம் தூக்கிக்கொள்ளும், இருப்பதைவிட இடம் அதிகமாகத் தெரியும், கணக்குத் தப்பிவிடும் என்றார். உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது சுலபமா கஷ்டமா என்று முன்கூட்டியே ஊகிக்கும் முறை இது. மல்லம்பட்டி என்ற மயக்க மருத்துவர் 1985ல் வெளியிட்டது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லியும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளச் சொல்லியும் பார்த்தார். கஷ்டம் என்று முன்பே தெரிந்தால் கேமரா வைத்த கருவி, மெல்லிய குழாய், கூட ஒரு சீனியர் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளலாம். மயக்கம் கொடுத்து மூச்சு நின்றபிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

மாத்திரை விஷயத்துக்கு அவர் செலவிட்ட நேரத்தை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் சுகர் மாத்திரைகளில் ஒரு வகையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள் என்பதும், எடை குறைக்கவும் சுகருக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? மூலிகை மருந்து சாப்பிட்டாலும் சொல்லச் சொன்னார். எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்று நாமாக முடிவெடுக்காமல் அவர்களிடமே எழுதி வாங்குவதுதான் சரி. எனக்கு பிபிக்கு அம்லோடிபின் மட்டும்தான், அதை அன்று காலையில் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஃபைலில் எழுதினார். பிபி கட்டுக்குள் இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை என்பதால் 2ஆம் வகுப்பு என்றும் குறித்தார். நோயாளியின் உடல்நிலையை வைத்துப் போடும் வகுப்பு அது, முழு ஆரோக்கியமானவர் 1.

இனி அந்த 2 மார்க்குக்கு வருகிறேன். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பண்டம், கறி என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீரும் பால் கலக்காத காபியும் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இப்போது பெரும்பாலான நாடுகளில் வழிகாட்டு நெறிகள் இதைத்தான் சொல்கின்றன. வார்டிலோ, "நைட்டு பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் வாயில வைக்கக்கூடாது" என்று ஒரே பாட்டு. காலையில் மாத்திரை போட ஒரு வாய்த் தண்ணீர் கேட்டேன், அதற்கும் மறுத்துவிட்டார்கள். ஃபைலில் எழுதியிருக்கிறது, பாருங்கள் என்று சொல்லியும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த கேஸ் இழுத்துக்கொண்டதால் நாக்கு வறண்டு தலைவலியோடு படுத்துக் கிடந்தேன். மயக்க டாக்டர் வார்டுக்கு வந்து பார்த்தபிறகுதான் மாத்திரையும் தண்ணீரும் கிடைத்தன.

பட்டினி போடுவதன் காரணத்தை யாரும் குறைத்து மதிக்கக்கூடாது. மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆளையே கொல்லும். பிரசவ மயக்கத்தில் இப்படி ஆவதை கர்ட்டிஸ் மெண்டல்சன் என்பவர் 1946ல் விவரித்து எழுதினார், அப்போதிருந்துதான் இந்த விதி இறுகியது. ஆகவே ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம்தான், பசிக்கிறதே என்று ஒரு பிஸ்கட்டைக்கூட ஒளித்துத் தின்னக்கூடாது. ஆனால் தண்ணீரை அரைநாள் நிறுத்தி ஆளை வாட்டுவதால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை. வயதானவர்கள், குழந்தைகள் என்றால் வதை இன்னும் அதிகம்.

சரி, தியேட்டர். மயக்கம் தருவதற்கு முன்பே என் பெயர், என்ன ஆபரேஷன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று என்னிடமே கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலின் முதல் கட்டம் இது. விரலில் கிளிப் மாட்டினார்கள். அதிலிருந்து வரும் பீப் சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். டாக்டரின் கண் வேறெங்கோ இருந்தாலும் காது பிடித்துவிடும். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களில் உருவாக்கிய முறையிலிருந்து வந்த கருவி அது, அதற்கு முன்பெல்லாம் உதடும் நகமும் நீலமாவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்வதும் இதற்காகத்தான்.

முகத்தில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம்போல நன்றாக மூச்சை இழுத்து விடச் சொன்னார். இதிலிருந்துதான் மயக்கம் வருகிறது என்று பயந்து பலர் முகத்தைத் திருப்புகிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அதில் வருவது வெறும் ஆக்சிஜன்தான். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு ஆக்சிஜனை நிரப்பிவைத்தால், மருந்து போட்டு மூச்சு நின்றபிறகு குழாய் வைக்கும்வரை உடம்பு சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும், சாதாரணக் காற்றோடு ஆரம்பித்தால் அந்த அவகாசம் மிகக் குறைவு. ஒழுங்காக இழுத்து விடுங்கள், அது உங்களுக்கான சேமிப்பு. அப்புறம் கையில் இருந்த கேனுலா வழியாக வெள்ளை நிற மருந்து, புரோப்போஃபால். நரம்பு எரியும் என்று சொல்லித்தான் போட்டார், எரிந்தது, அதற்குமேல் எதுவும் நினைவில் இல்லை.

மறுநாள் அவர் என்னைப் பார்க்க வந்தபோது, நான் தூங்கிய நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஃபைலில் இருந்து அனஸ்தீசியா சார்ட்டை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு தாள், கட்டம் போட்டது. ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டிலும் மேல் பிரஷருக்கு ஒரு குறி, கீழ் பிரஷருக்கு ஒரு குறி, நாடிக்கு ஒரு புள்ளி, மேலே எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில். ஆரம்பத்தில் குறிகள் சரிந்திருந்தன. புரோப்போஃபால் போட்டதும் பிரஷர் இறங்குவது சகஜம், ஏற்ற ஒரு சின்ன டோஸ் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி, நாடிப் புள்ளி ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்த மாதிரி கீழே கிடந்தது. 40ஐ ஒட்டி. பக்கத்தில் அட்ரோபின் 0.6 மில்லிகிராம்.

அது என்ன என்றேன். "வயித்தை கேஸால உப்ப வைக்கும்போது சிலருக்கு நாடி இப்படி திடீர்னு விழும். சர்ஜன்கிட்ட கேஸை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி, வயித்துல இருந்ததையும் வெளிய விட்டார். மருந்து போட்டதும் ஏறிடுச்சு. அப்புறம் மெதுவா ஏத்தச் சொன்னேன்." இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். லேப்ராஸ்கோபியில் உள்ளே இடம் கிடைக்க வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் நிரப்புவார்கள், உள்சவ்வு இழுபடும்போது ஒரு நரம்பின் அனிச்சை காரணமாக இதயத் துடிப்பு குறையலாம், ஒருசிலருக்கு நின்றுகூடப் போகலாம். அந்த நிமிடத்தில் கவனித்தது அவர், நிறுத்தச் சொன்னது அவர், கையில் மருந்தை எடுத்துவைத்திருந்ததும் அவர். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆபரேஷன் சிக்கலின்றி முடிந்தது என்று இருக்கிறது, கீழே சர்ஜன் பெயர். சர்ஜன் திறமையானவர்தான், மயக்க டாக்டர் சொன்னதும் கையை எடுத்தாரே, அதற்காகவே அவரையும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் இந்த விமர்சனத்தை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்த வாயுவால் வேறு வேலையும் அவருக்கு உண்டு. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலக்கும், அதை வெளியேற்ற வெண்டிலேட்டரைக் கூட்டி வைக்க வேண்டும். வெளிமூச்சில் அது எவ்வளவு வருகிறது என்று திரையில் அலையாக ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் உணவுக்குழாயில் போகாமல் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதி செய்வதும் அதே அலைதான். வயிற்றுத் தசை தளர்ந்திருந்தால்தான் சர்ஜனால் வேலை செய்ய முடியும், அதற்கான மருந்து வகையை ஆபரேஷனில் பயன்படுத்திக் காட்டியது 1942ல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித். மயக்கம் தரும் ஈதர் அதற்கும் 96 வருடம் முந்தையது: 1846 அக்டோபர் 16, பாஸ்டன், வில்லியம் மார்ட்டன் மயக்கம் கொடுக்க ஜான் வாரன் கத்தி வைத்தார். அதற்கு முன்பு ஒரு சர்ஜனின் திறமை என்பது எவ்வளவு வேகமாக அறுத்து முடிக்கிறார் என்பதுதான், ஏனென்றால் ஆளை நாலு பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நிதானமாக ஒரு பித்தப்பையைப் பிரித்தெடுக்கலாம் என்ற நிலையே மயக்கவியல் வந்தபிறகு வந்ததுதான்.

நடுவில் விழிப்பு வந்துவிட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது. கேட்டேன். பிரிட்டனில் 2014ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முழு மயக்கத்தில் நடுவே நினைவு இருந்ததாக நோயாளிகள் சொன்னது சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது. பூஜ்யம் இல்லை, அவரும் பூஜ்யம் என்று சொல்லவில்லை. மயக்க வாயுவின் அளவை மூச்சிலேயே அளந்து பார்த்துக்கொண்டு கூடவே இருப்பேன் என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

விழித்தபிறகு தொண்டை கரகரப்பு, அது குழாயால். வலது தோளில் ஒரு வலி, வயிற்றில் போட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, முன்பே சொல்லியிருந்தபடியால் பயமில்லை. குமட்டல்தான் படுத்திவிட்டது. பெண், புகைபிடிக்காதவர், பயணத்தில் வாந்தி வருபவர் என்று மூன்றும் எனக்குப் பொருந்தும், நாலாவது காரணமான ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்தை அவர் முடிந்தவரை குறைத்திருந்தார், வாந்திக்கு டெக்ஸாமெத்தசோனும் ஆன்டன்செட்ரானும் போட்டிருந்தார். அப்படியும் சாயங்காலம் வந்தது. அதற்கு அடுத்த ஊசி போட ஆள் வருவதற்கு நேரமாயிற்று, ஒரு மார்க் குறைந்தது அதனால்தான். வலியைப் பற்றிக் குறையே இல்லை.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஊசி போட்டவரின் கைத்திறமையில் குறை சொல்லமாட்டேன், ஒரே குத்தில் முடித்ததாக அம்மாவே சொன்னார். ஆனால் அவரை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது தியேட்டர் வாசலில், கையெழுத்துப் போடும் தாளோடு. ஆபரேஷன் முழுக்க விழித்திருக்கலாம், சுத்தியல் சத்தம் கேட்கும், கால் இருப்பதே தெரியாது என்று அம்மாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. "கால எடுத்துட்டாங்கன்னே நெனச்சுட்டேன்டி" என்று வெளியே வந்து அழுதார். ஒரு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். உடைந்த இடுப்போடு அவரை உட்காரவைத்து ஊசி போட்டபோது பட்ட வேதனையும் அப்படித்தான். தொடை மடிப்பில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியை முதலில் போட்டு வலியைக் குறைத்துவிட்டு அதன்பிறகு உட்காரவைக்கும் இடங்கள் இருக்கின்றன என்று இந்த டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதுகு ஊசி பற்றிய பயங்களையும் இவரிடம் கேட்டுவிட்டேன். தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாவது எலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்கும் கீழே. காலத்துக்கும் முதுகுவலி வரும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறையும் என்று ஒன்று வரும், அதற்கு வைத்தியம் இருக்கிறது, வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் சொல்ல வேண்டும். முழு மயக்கத்தைவிட ஸ்பைனல் எனும் இந்த முதுகு ஊசிதான் எப்போதும் பத்திரம் என்று வயதானவர்கள் விஷயத்தில் அடித்துச் சொல்வார்களே, அதுவும் அவ்வளவு நேரான கணக்கு இல்லை. இடுப்பெலும்பு முறிந்தவர்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2021ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 60 நாள் கழித்துப் பார்த்தால் உயிரோடு இருப்பதிலும் நடப்பதிலும் ஸ்பைனல் மேலானதாகத் தெரியவில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று உங்களைப் பார்த்து முடிவெடுக்கும் ஆள்தான் வேண்டும்.

ஆபரேஷனுக்கு இடம் தேடுபவர்கள் சர்ஜனிடமே கூச்சப்படாமல் கேளுங்கள்: மயக்க டாக்டரை முன்னாடியே பார்க்க முடியுமா, ஆரம்பம் முதல் முடிவுவரை ஒருவர் என் பக்கத்திலேயே இருப்பாரா, இரவில் வலியோ வாந்தியோ வந்தால் யார் வருவார்? பதிலில் தடுமாற்றம் இருந்தால் இன்னொரு இடத்தையும் விசாரியுங்கள். எனக்கு அமைந்த இடத்தை வார்டுக் குறையோடு சேர்த்தே சிபாரிசு செய்கிறேன், சாப்பாட்டு நேரத்தை மட்டும் டாக்டர் கையால் எழுதி வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போங்கள், சின்ன வெள்ளை மாத்திரை என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஆபரேஷன் ஃபைல் இருந்தால் அதுவும் வேண்டும். வீடு திரும்பும் முன் அனஸ்தீசியா சார்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், குழாய் வைக்கச் சிரமப்பட்டிருந்தாலோ ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ அடுத்த தடவை மயக்கம் கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். என் நகலைக் கேட்டதும் அன்றே கொடுத்துவிட்டார்கள்.